எர்கெஷின் குதிரைக்குச் சான்றிதழ்

எங்கள் கிராம அலுவலகத்தில் போன குளிர்காலம் வரை இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. கூரையில் உருகிய பனி ஒன்றின் தலையில் ஒழுகியது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. மிஞ்சிய ஒன்றில் இரண்டு பேர் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. ஒருவர் கால்நடை மருத்துவர் சாகினாலி. வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரைப் பைகே என்போம். இன்னொருவர் நிலம் அளக்கும் மைராம்பெக். அவர் என்னை எஜே என்பார், அக்கா முறைதான். என் பெயர் புருல்சா. மனு எழுதுவது, முத்திரை குத்துவது, அடுப்புக்குக் கரி போடுவது, இந்த இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் என் வேலை.

சாகினாலிக்கு விண்டோஸ் வேண்டும். கால்நடைப் பதிவு அதில்தான் ஓடும். மைராம்பெக்குக்கு லினக்ஸ் வேண்டும். வரைபடங்களை அதில் திறந்தால்தான் அந்தக் கிழட்டு இயந்திரம் மூச்சு வாங்காமல் வேலை செய்யும் என்பார். ஆகவே உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கை அவரே பாகம் பிரித்து இரண்டையும் குடிவைத்தார். காலையில் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி லினக்ஸ், கீழ் வரி விண்டோஸ். பத்து விநாடிக்குள் யாரும் கீழே இறக்காவிட்டால் அது தானாக மேல் வரிக்குப் போய்விடும்.

சாகினாலிக்குப் பத்து விநாடி போதவே போதாது. பொத்தானை அழுத்துவார், தேநீர் ஊற்றப் போவார், சர்க்கரை டப்பாவைக் காணோமென்று அலமாரியெல்லாம் துழாவுவார். திரும்பி வரும்போது திரையில் மைராம்பெக்கின் மலைகளும் வாய்க்கால்களும் இருக்கும்.

"பாரு, மறுபடியும் அவன் வீட்டுக்குள்ளயே போய் உக்காந்திருக்கு! இதுக்கு எசமான் அவன் ஒருத்தன்தானா?"

"பைகே, ஒரே ஒரு தடவை அம்புக்குறியத் தட்டிட்டுப் போய் டீ ஊத்துங்களேன்," என்பார் மைராம்பெக்.

"நான் ஏன் தட்டணும்? நீ தட்டு. சின்னவன் நீதானே?"

மூன்று மாதமாக எனக்குத் தினமும் இதே பாட்டு. ஜூன் மாதம் மைராம்பெக் மேய்ச்சல் நிலம் அளக்க மலைக்குப் போனபோது, இனி இரண்டு வாரம் காதுக்கு ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போன மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை. எட்டு மணிக்கே எர்கெஷ் தன் மங்கல் நிறக் குதிரையோடு அலுவலக வாசலில் நின்றான். மறுநாள் நாரின் நகரத்தில் கோக்-போரு ஆட்டம். குதிரை மேலிருந்தே ஆட்டு உடலைப் பறித்துக்கொண்டு பாய்வார்களே, அந்த ஆட்டம். எங்கள் ஊர் அணியின் தலைவன் அவன். நண்பகல் குதிரைகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்புகிறது. மருத்துவச் சான்றிதழ் இல்லாத குதிரையை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். முன்பெல்லாம் கையால் எழுதி முத்திரை குத்தினால் போதும். இந்த வருடத்திலிருந்து பதிவு எண்ணோடு அச்சிட்ட தாள்தான் செல்லும்.

சாகினாலி வெளியே வந்து குதிரையின் வாயைப் பிளந்து பார்த்தார், நெஞ்சில் காது வைத்தார், குளம்புகளைத் தட்டினார். "உன்னைவிட நல்லா இருக்கு," என்று எர்கெஷிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். அன்று தேநீர் ஊற்றப் போகவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாகப் பட்டது.

மெனு வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்தது. அதற்குக் கீழே ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அணைத்துப் போட்டார். அதே வரி. பக்கவாட்டில் தட்டினார். அதே வரி.

"கெட்டுப்போச்சு போலிருக்கு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்கதானே கடைசியா உக்காந்திருந்தீங்க?"

"நான் ஒண்ணும் தொடலை."

தொட்டீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

மலையில் மைராம்பெக்கின் கூடாரம் இருக்கும் இடத்தில் செல்போன் எடுக்காது. தினமும் பத்து மணிக்கு ஒரு மேட்டில் குதிரையை ஏற்றி, அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு விவரம் சொல்வார். அதுவரை நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோடு சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குதிரையும் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, என் மேஜையிலிருந்த விடுமுறை மனு ஒன்றைத் தின்றது.

பத்து மணிக்கு என் செல்போன் அடித்தது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தேன். மேட்டுக் காற்று உஸ் உஸ் என்று இரைந்தது.

"எஜே, திரையில என்ன எழுதியிருக்கு? ஒவ்வொரு எழுத்தாப் படிங்க."

படித்தேன்.

"அப்படி ஒரு பாகமே இல்லைன்னு சொல்லுது. சரி, எல், எஸ், ரெண்டெழுத்து அடிச்சு எண்டர் தட்டுங்க. அடைப்புக்குறி போட்டு எத்தனை பாகம் வருது?"

"ரெண்டு."

"மூணு இருக்கணுமே! என் பாகத்துலதான் அந்த மெனுவே இருக்கு. அதைக் காணாம முழிச்சுக்கிட்டு நிக்குது. எஜே, யாராவது எதையாவது அழிச்சாங்களா?"

சாகினாலி என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார், தலையை ஆட்டினார், உதட்டில் விரலை வைத்தார்.

"எனக்குத் தெரியலைப்பா," என்றேன். அது உண்மைதான்.

"தெரிஞ்சாகணும் எஜே. யாராவது அழிச்சிருந்தா திருப்பி எடுத்துடலாம். உள்ள இருக்கிறது பத்திரமா இருக்கும், அட்டவணையில பேரு மட்டும்தான் போயிருக்கும். டிஸ்க்கே கெட்டுப்போயிருந்தா வேற வைத்தியம். அதுல கை வெச்சா மிச்சமும் போயிடும். எதுன்னு தெரியாம நான் மருந்து சொல்ல முடியாது."

எர்கெஷ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நான் சாகினாலியைப் பார்த்தேன்.

வயிறு உப்பிய மாட்டைக் கொண்டுவருபவர்களிடம் இந்த மனிதர் என்ன சொல்வார் என்று ஊருக்கே தெரியும். "என்ன தின்னுச்சுன்னு என்கிட்ட மறைக்காதே. உன் வெட்கத்தால மாடு செத்துடும்" என்று கத்துவார். அழாத பெண்களையும் அழவைத்திருக்கிறார்.

"பைகே," என்றேன், "மாடு என்ன தின்னுச்சு?"

அவர் முகம் சிவந்து, கழுத்து சிவந்து, கடைசியில் காதும் சிவந்தது. செல்போன் மேல் குனிந்து ஆட்டுக்கிடையில் கூப்பிடுவதுபோல் கத்தினார்.

"நான்தான்டா! நான்தான் அழிச்சேன்! தினமும் உன் வீட்டு வாசல்ல போய் நிக்குதேன்னு என் மருமகன்கிட்ட கேட்டேன். டிஸ்க்கப் பாரு, வேண்டாதது இருந்தா தூக்கிடுன்னான். பார்த்தேன். பேரில்லாம ஒரு பாகம். காதுல எண் மாட்டாத ஆடு மாதிரி நின்னுச்சு. யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் ஏதோ உருளும் சத்தம். தொடர்பு அறுந்தது.

"கோவிச்சுக்கிட்டான்," என்றார் சாகினாலி. அவர் குரலை அவ்வளவு மெதுவாக நான் கேட்டதில்லை. "மூணு மாச வரைபடம். அதுல அவங்கப்பா வெட்டின வாய்க்கால்கூட இருக்கு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான்தான் தலையைத் திருப்பிக்கிட்டேன்."

எர்கெஷ் ஆறுதல் சொல்லத் தெரியாமல் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கால் மணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது. மைராம்பெக்குக்கு மூச்சு வாங்கியது.

"பைகே போட்ட கத்தல்ல என் குதிரை மிரண்டு ஓடிடுச்சு. இப்பத்தான் பிடிச்சிட்டு வரேன். சரி, நேரமில்லை. எஜே, என் மேஜை டிராயர்ல குருத் பொட்டலத்துக்கு அடியில ஒரு பென்டிரைவ் இருக்கும், எடுங்க."

உப்புத்தயிர் உருண்டைகளுக்கு அடியில் தூசியோடு கிடந்தது. துடைத்துச் செருகினேன். அதிலிருந்து இயந்திரத்தைக் கிளப்ப, ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் எஃப் பன்னிரண்டைத் தட்ட வேண்டும். எங்கள் விசைப்பலகையில் அந்த விசையின் மூடி எப்போதோ கழன்று தொலைந்துவிட்டது, குழிதான் இருக்கிறது. சாகினாலி தீக்குச்சியால் குத்தினார். முதல் தடவை முந்திவிட்டது, இரண்டாம் தடவை பிந்திவிட்டது.

"நகருங்க பைகே, ஓடற குதிரையில இருந்து ஆட்டைத் தூக்கறவன் நான்," என்று எர்கெஷ் தீக்குச்சியை வாங்கினான். மூன்றாவது தடவை பிடித்துவிட்டான். மைதானத்தில் இறங்கியவன்போல ஒரு கூச்சல் போட்டான். வெளியே குதிரையும் கனைத்தது.

அதன் பிறகு மைராம்பெக் சொல்லச் சொல்ல, சாகினாலி ஒற்றை விரலால் அடித்தார். தொலைந்த பாகத்தைத் தேடும் நிரல் ஒன்று ஊர்ந்து ஊர்ந்து டிஸ்கைத் துழாவியது. சதவீத எண் ஏறும்போதெல்லாம் அவர் உதடு எதையோ முணுமுணுத்தது, பிரார்த்தனையாக இருக்கலாம். கடைசியில் பட்டியல் வந்தது. எண்ணினேன். மூன்று.

"மூணாவது வந்துடுச்சு!"

"இப்போ எழுதறதுக்கு டபிள்யூ. அப்புறம் சரின்னு சொல்ல ஒய். வேற எதையும் தொடாதீங்க பைகே. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன்போல் உட்கார்ந்தார். பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி கிளப்பினோம். கறுப்புத் திரையில் அந்த இரண்டு வரி மெனு வந்து நின்றது. அதைப் பார்த்து என் கண்ணில் நீர் வந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

சாகினாலி கீழ் வரிக்கு இறக்கவில்லை. "முதல்ல அவனோடது திறக்குதான்னு பார்ப்போம்," என்றார். பத்து விநாடியும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். லினக்ஸ் திறந்தது. வாய்க்கால்கள் நீலமாக வரிசையாக வந்தன. "எல்லாம் இருக்குடா," என்று செல்போனில் சொன்னார். பிறகுதான் விண்டோஸுக்குப் போய்ச் சான்றிதழை அச்சிட்டார். எர்கெஷ் அதைச் சூடாகவே பிடுங்கிக்கொண்டு, நகர ஆரம்பித்திருந்த லாரியை நோக்கிக் குதிரையை விரட்டினான்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பேர் இருந்தால் கடிகாரத்திலும் தகராறு வரும் என்பது எனக்குத் தெரியாது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். எங்கள் ஊருக்கு ஆறு மணி நேரம் வித்தியாசம். மைராம்பெக் முன்பே அதைச் சரிகட்டி வைத்திருந்தார். அவசரத்துக்குச் செருகிய பென்டிரைவிலும் ஒரு லினக்ஸ்தான், அது அந்த ஏற்பாடு தெரியாமல் கடிகாரத்தை மாற்றி எழுதிவிட்டது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அச்சான தாளில் காலை ஐந்து ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

நாரினில் எதிரணித் தலைவன் அதைக் கவனித்துவிட்டானாம். எர்கெஷ் திரும்பி வந்து சொன்னான்.

"நடுவர்கிட்ட தாளை நீட்டி, 'எந்த டாக்டர்யா விடியறதுக்குள்ள குதிரைக்கு வாய் பார்ப்பாரு? இது கள்ளச் சான்றிதழ்'னு குதிக்கிறான் எஜே. நானும் அப்பத்தான் மணியைப் பார்க்கிறேன்."

"அப்புறம்?"

"'எங்க ஊர் டாக்டர் பார்ப்பாரு. உங்க டாக்டர் எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு'ன்னு கேட்டேன். கூட்டம் சிரிச்சிடுச்சு. சீக்கிரம் எந்திரிக்கிறது குத்தமில்லைன்னு நடுவர் விட்டுட்டாரு. ஒலிபெருக்கியில வேற சொல்லிட்டாங்க, எங்க டாக்டர் மாதிரி ஊருக்கு ஒருத்தர் வேணும்னு."

ஆட்டத்தில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குச் சாகினாலி வீட்டுக் கேட்டை யாரோ தட்டினார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பெண், நொண்டும் செம்மறியோடு. "நீங்க விடியறதுக்கு முன்னாடியே பார்ப்பீங்களாமே," என்றாளாம். அவள் பின்னால் ஒரு கழுதை, இரண்டு வெள்ளாடு, இருமும் கன்றுக்குட்டி. உள்சட்டையோடு வாசலில் நின்ற மனிதருக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

மைராம்பெக் மலையிலிருந்து இறங்கியதும் கடிகாரத்தைச் சரிசெய்தார். யாராவது ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கும்வரை மெனு அப்படியே காத்திருக்கும்படி மாற்றினார். சாகினாலியின் மனைவி கொடுத்தனுப்பிய போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், ஒரு பையளவு மைராம்பெக்கின் மேஜையில் இருந்தது. இப்போதும் தினம் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை பிடிக்கிறார்கள், ஆனால் அடுத்தவர் பாகத்தை யாரும் தொடுவதில்லை.

"பைகே, எட்டு மணிக்கு மேல வரவும்னு கேட்டுல ஒரு பலகை மாட்டுங்களேன்," என்றேன் ஒரு நாள், அவர் மேஜையிலேயே கண்ணயர்ந்ததைப் பார்த்து.

"மாட்டலாம்," என்றார் கொட்டாவியோடு. "ஒலிபெருக்கியில சொன்னாங்களே புருல்சா, அப்புறம் பேர் கெட்டுடாதா?"

பலகை மாட்டவில்லை. ஐந்து மணிக்கே முகம் கழுவிக் கேட்டருகே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். ஆடு மாடு எதுவும் வராத நாளில், சாலை முனை வரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார் என்று அவர் மனைவி சொல்கிறாள்.