பையைக் கையை விட்டு விடாதே

கெஸ்ட்ஹவுஸ் சீருடையைக்கூட மாற்றாமல் ஷாமிலா ஏஜென்சிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. ஏஜென்சிக்காரர் மத்தியாஸ் இரண்டு பையன்களுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் கப்பல் வேலையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி அங்க விடிய விடிய நாற்காலியில உக்காந்திருக்கான். உங்க ஆளு எங்கங்க?"

தம்பி துஷாந்த், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து முதன்முதலாக வெளிநாடு போனவன். ஜமைக்காவில், கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி, சமையலறையில் வேலை பார்க்க வேண்டும். விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு ஆள் நிற்பார் என்று மத்தியாஸ் அடித்துச் சொல்லியிருந்தார். இரவில் இறங்கிய துஷாந்துக்கு அப்படி ஒரு பலகை கண்ணில் படவேயில்லை. இங்கே சாயங்காலம், அங்கே இப்போதுதான் விடிகிறது.

மத்தியாஸ் பதறவில்லை. சில நேரம் ஆள் பிந்துவது உண்டு, பையன் ஒரு டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டால் முடிந்தது என்றார். எந்த டாக்ஸி என்று கேட்டாள். ஏதாவது ஒன்று என்றார். துறைமுகத்தில் எந்த வாசல் என்று கேட்டாள். அவர் போனில் எதையோ தேடியெடுத்து வாசித்தார். தொப்பி அணிய வேண்டுமாம். வெயிலுக்குக் கிரீம் பூச வேண்டுமாம். கடற்கரையில் சுட்ட மீன் சாப்பிடாமல் திரும்பக் கூடாதாம்.

நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு, எந்த த்ரீவீலில் ஏறலாம், யாரிடம் பையைக் கொடுக்கக் கூடாது என்று கெஸ்ட்ஹவுஸிலிருந்து தினமும் போனில் சொல்லுகிறவள் ஷாமிலா. ஒரு ராத்திரி தங்கிப்போகிறவர்களுக்கே அவ்வளவு. கூடப்பிறந்தவனுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அப்போது துஷாந்தே கூப்பிட்டான். எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"அக்கா, ஒருத்தரு ஹார்பருக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. பைய வாங்கி கார்ல வச்சுட்டாரு."

"பைய எடு," என்றாள். "அவரு கோவிச்சா கோவிக்கட்டும். எடுத்துக்கிட்டு உள்ள போ. யூனிபோர்ம் போட்டவங்க இருக்க மேசைக்குப் போயி, போன அவங்க கையில குடு."

யாரோ கத்துவதும் கார்க் கதவு அடைபடுவதும் கேட்டன. அறையில் எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விமான நிலைய ஊழியப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் பேசினாள், நிதானமான கனத்த குரலில். பை பையனிடம்தான் இருக்கிறது என்றாள். சிவப்பு நம்பர் பலகை போட்ட டாக்ஸியில்தான் ஏற வேண்டும், ஏறும் முன்பே வாடகையைப் பேசிக்கொள்ள வேண்டும் என்றாள். கப்பலின் பெயரைக் கேட்டுத் துறைமுகத்துக்கும் போன் போட்டாள். அந்தக் கப்பல் வர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். மாலுமிகள் தங்குவதற்குச் சர்ச்காரர்கள் நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறது, பையனை அங்கே அனுப்புகிறேன் என்றாள்.

ஷாமிலா நன்றி சொல்லிவிட்டு மத்தியாஸ் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாரம் முன்னாடியே அனுப்பி வச்சிருக்கீங்க."

கம்பெனிதான் தேதியை மாற்றியிருக்கும் என்று அவர் முனகினார்.

"அந்த ஊரு எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

பையன்களில் ஒருவனுடைய அம்மா எழுந்து, மகனின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொன்னாள். மற்றவளும் எழுந்தாள். பாஸ்போர்ட்டுகளை வைத்திருக்கும் அலுமாரியின் சாவி வீட்டில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றார் மத்தியாஸ். ஷாமிலா கதவைச் சாத்திவிட்டு அதன்முன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சாவி அவருடைய காற்சட்டைப் பையிலிருந்தே வந்தது.

கொட்டகலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. விடுதிக்கு வந்துவிட்டதாகவும், அங்கே தனக்குக் குடிக்கத் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்றும் சொன்ன துஷாந்த், தன்மேல் கோபமா என்று கேட்டான்.

"ஆமா," என்றாள் ஷாமிலா. "முன்னபின்ன தெரியாத ஆளு கேட்டா பையக் குடுத்துருவியா நீ?"

அவன் அழுதான். அழுதால் அழட்டும் என்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவள் திட்டிக்கொண்டே போனாள்.