நான்கு மீற்றர்

...நான்கு மீற்றர் நடக்க ஐந்து விநாடிக்கு மேல் எடுத்தால்தான் நடைப்பயிற்சி வகுப்பில் இடம், அதைத்தானே தவமணி ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் மனுசன் சோதனை என்ற ஒரு சொல்லைத்தான் காதில் வாங்கினார், டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில், லிஃப்டிலிருந்து குப்பை போடும் கதவு வரைக்கும், காலையும் மாலையும் ஒத்திகை, இப்போது பார், கிளினிக் கொரிடோரில் ஒட்டியிருக்கும் இரண்டு நீலப் பட்டைகளுக்கும் இடையிலான நான்கு மீற்றரை, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போலக் கடந்துவிட்டு, சுவரைப் பிடித்து மூச்சு வாங்குகிறார் ஜெயரட்ணம்... மூன்றரை விநாடி. தவமணிக்குக் கோபம் வரவேண்டும், வந்ததா? அவர் இரண்டாவது பட்டையைத் தாண்டியபோது கைதட்ட எழும்பிய கைகளை எதற்காகக் கைப்பைக்குக் கீழே ஒளித்தாள்? "நோர்மலா நடக்கச் சொன்னனான் அங்கிள், இது ரேஸ் இல்லை," என்கிறாள் நேரம் பார்க்கும் கஜனி, ஊர் தெரியாமல் இங்கேயே பிறந்த பிள்ளை, கழுத்தில் ஸ்டொப்வொட்ச். "இதுதான் பிள்ளை என்ரை நோர்மல்." நேற்று பஸ்ஸால் இறங்கி வீடு வர இருபது நிமிடம் எடுத்ததைச் சொல்லிவிடலாம்தான், சொன்னால் அந்த முகம்? ஐந்து வருடமாக இருதயம் களைத்து, கால் வீங்கி, நீர் இறங்கக் குளிசை போட்டு... கார் ஓட்டுவதை விட்டார், உப்பை விட்டார், கோயில் தேர் வடம் பிடிப்பதையும் விட்டார், இந்த நடைப் பெருமையையாவது அவருக்கு விட்டுவைக்கக் கூடாதா, ஆனால் வகுப்பும் இல்லையென்றால் வருகிற பனிக்காலம் முழுக்கக் கதிரைதான், பிறகு எழும்புவாரா? நடை குறைந்துகொண்டு போகவிடாதீர்கள் என்றுதானே டொக்டரும் சொன்னார்...

"இன்னொருக்கா நடக்கவேணும் அங்கிள். அன்ரி, நீங்களும் பக்கத்திலை நடவுங்கோ, கடைக்குப் போறமாதிரி."

கடைக்கு என்றால்... முன்பெல்லாம் அவர் பத்தடி முன்னே, கென்னடி வீதியில் பனிக்குள்ளும் அப்படித்தான், அவள் பார்த்துக்கொண்டு போனதெல்லாம் அவருடைய கோட்டின் முதுகை, இருதயம் களைத்த பிறகுதான் பக்கத்துக்கு வந்தார், அன்றிலிருந்து அவருக்குத் தெரியாமல் தன் காலை அடக்கிப் பழகினாள், தெரிந்தால் ரோசம் வரும்... இதோ முதல் பட்டை, அடக்குகிறாள், இன்னும் கொஞ்சம்... "மெல்ல வாரும்," காதோரம் அவர் குரல், கஜனிக்குக் கேட்காமல், "உம்மடை முழங்கால் காலமை துடக்கம் நோகுதெல்லோ." முழங்காலைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொல்லவில்லையே, மகளுக்குக்கூட... எப்போதிருந்து தெரியும் இவருக்கு?

"ஆறரை," என்கிறாள் கஜனி, "இதைத்தான் எழுதப்போறன், கிளாசிலை இடம் இருக்கு." "அது இவவுக்காக நடந்தது, பிள்ளை." "எல்லா அங்கிளும் இதைத்தான் சொல்லுறவை," சிரித்தபடி ஜெயரட்ணம் என்ற பெயருக்கு நேரே எழுதுகிறாள், அவரும் சிரிக்கிறார், இடம் கிடைத்துவிட்டது, நல்லது, வேண்டியது அதுதானே, பிறகேன் கதிரையில் வந்து இருந்த பிறகும் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை... அவர் அவளுக்காகவும் அவள் அவருக்காகவும் அடக்கி அடக்கி, அந்த ஆறரை யாருடையது? என்னையும் ஒருக்காத் தனிய நடக்கவிட்டுப் பார் பிள்ளை என்று கேட்கலாம், நான்கு மீற்றர்தானே, கேட்க வாயும் எடுத்தாள்... அவர் அவளுடைய கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவசரமில்லாமல், அவள் எழும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவர் போல.