எதிர்காற்றில் இருபது நிமிடம்

விமானம் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் வந்து தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஊருக்கும் மகள் இருக்கும் ஊருக்கும் நடுவே ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி. நாலு வருடமாக மாதம் ஒரு சனிக்கிழமை மகள் அவள் அம்மாவின் ஊரிலிருந்து இத்தனை தூரம் தனியாக வருகிறாள். கழுத்தில் ஒரு பை தொங்கும். விமான நிறுவனப் பெண் கையைப் பிடித்து அழைத்து வருவாள். அப்பன் வந்து கையெழுத்துப் போடாமல் பிள்ளையை விடமாட்டார்கள். ஒருமுறை எங்கோ ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் யாரோ மாட்டிக்கொள்ள, அவன் ஒரு மணி நேரம் தாமதமாக ஓடிவந்தான். மகள் அந்தப் பெண்ணின் மேசையருகே ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

இன்று படிவத்தை நீட்டியபோது அந்தப் பெண் சிரித்தாள். "இந்தத் தடவையோட சரி சார். அடுத்த வாரம் பாப்பாவுக்குப் பன்னெண்டு முடியுதே! இனிமே ஃபாரமே வேண்டாம், அவங்களே வரலாம்."

அவனுக்குத் தெரியாததா? பிரியும்போது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டதே அதுதான். பன்னிரண்டு முடியும்வரை அனுப்ப வேண்டும். அதற்குமேல் வருவதும் வராததும் பிள்ளையின் இஷ்டம். வருவாயா என்று கேட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை. இரண்டு நாளும் அதைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டான். சாப்பிட்டாயா, கணக்கு டீச்சர் எப்படி, ஃபேனைக் குறைக்கட்டுமா. அவளும் ஓயாமல் பேசுகிற பிள்ளைதான். ஆனால் அப்பனைப்போலவே, பேச வேண்டிய இடத்தில் மட்டும் வாய்ப்பூட்டு.

ஞாயிறு மாலை கவுண்டர் வரிசையில் நிற்கும்போதும் அவனுக்கு வேறு பேச்சு வரவில்லை. "வர்றதுக்கு ஒன்னே முக்கால் மணிதான். போறதுக்கு மட்டும் ஏன் இருபது நிமிஷம் ஜாஸ்தி?"

"எதிர்காத்துப்பா. போன மாசமும் இதையேதான் கேட்டீங்க."

அவர்கள் முறை வந்தது. அதே பெண்தான். அவன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்க, மகள் கவுண்டரில் மோவாயை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பன்னெண்டு முடிஞ்சப்புறமும் கேட்டா இந்த ஃபாரம் குடுப்பீங்களா?"

"கேட்டா குடுப்போமே. ஏன், தனியா வர பயமா?"

"பயமெல்லாம் இல்ல. இது இருந்தா அப்பா வந்துதானே ஆகணும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பேனா பாதிக் கையெழுத்தில் நின்றுவிட்டது. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தேடுபவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

"ஃபாரம் இல்லாட்டியும் வருவேன்மா," என்றான்.

"பாப்போம்ப்பா," என்றாள் மகள், அச்சு அசல் அவள் அம்மாவின் குரலில்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் மறைந்ததும் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. ஆபீஸ். எங்கோ யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். மற்ற மாதங்களில் இந்நேரம் வண்டியைக் கிளப்பியிருப்பான். இன்று தலைக்குமேல் இருந்த பலகையில் அவள் விமானத்தின் வரியைப் பார்த்தபடி நின்றான். ஃபோன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.