உள்பக்கத் தாழ்ப்பாள்

அடிமைத்தனம் ஒழிந்துவிட்டது என்று அமெரிக்காவின் ஜார்ஜியா முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. ஆனால் வடக்கிலிருந்து பாடம் சொல்ல வந்த அல்மைரா டீச்சர் தலைசாய்க்க ஓர் அறை கிடைக்கவில்லை. கறுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவளுக்கு இடம் கொடுத்தால் வெள்ளைக்கார வீடுகளின் மானம் கப்பலேறிவிடுமாம். கறுப்பர் குடிசைகளிலோ ஒரே அறையில் குடும்பமே முடங்கிக் கிடந்தது. கடைசியில், அடிமையாயிருந்து விடுதலையான கெசையாதான் தன் வீட்டின் பாதியைப் பலகை அடித்துத் தடுத்துக் கொடுத்தாள்.

டீச்சரை அனுப்பிய சங்கத்தின் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் பெல்லோஸ் பார்வையிட வந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை என்றார். கெசையா கோழிகளை விற்றுக் கண்ணாடி போட்டாள். மறுபடி வந்தார். பெண் தங்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லையே, சனிக்கிழமைக்குள் போடாவிட்டால் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்றார்.

"அடுத்தாப்ல தலகாணிக்குப் பட்டு உறை கேப்பாரு," என்று கெசையா பொரிந்து தள்ளினாள். இப்போதுதான் அவள் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்தாள். டீச்சர் போனால் அதுவும் போச்சு.

கொல்லர் பிரைமஸிடம் சொல்லிவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போனாள். சனிக்கிழமை பெல்லோஸோடு அறை வாசலில் வந்து நின்றபோது, புதுத் தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் பளபளத்தது.

"இது யாரைப் பூட்டி வைக்க?" என்றார் பெல்லோஸ்.

கெசையாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஏண்ணே, கண்ண எங்க அடகு வச்சீங்க? உள்பக்கம்ல போடணும்?"

பிரைமஸ் கதவையே பார்த்தார். "துரைகிட்ட அடிமையா இருந்தப்ப நம்ம ஆளுங்க படுக்கிற எடத்துக்கெல்லாம் நாந்தான் தாழ்ப்பாள் போட்டேன், தங்கச்சி. உள்பக்கம் போடுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. கை பழக்கத்துல வெளிய போயிருச்சு."

கெசையா கதவை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பிரைமஸ் கழற்றி உள்ளே மாற்றினார்.

"சரியா விழுதான்னு பாருங்க. விழுந்தா டீச்சர் இங்கயே இருக்கட்டும்," என்றார் பெல்லோஸ்.

கெசையா உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். விழுந்தது. வெளியே இருந்து பெல்லோஸ் தள்ளிப் பார்த்தார், கதவு அசையவில்லை. அவள் கதவைத் திறக்கட்டும் என்று அவள் வாழ்நாளில் எந்தத் துரையும் வெளியே காத்து நின்றதில்லை.

"சரிம்மா, திற," என்றார் அவர். கதவு திறக்கவில்லை. கதவைத் தட்டினார்.

"எத்தன நாளு எங்கள நிக்க வச்சீங்க, அய்யா," என்று கெசையாவின் குரல் நிதானமாக வந்தது. "கொஞ்ச நேரம் நீங்களும் நில்லுங்க."