பன்னிரண்டாவது பம்ப் ஹவுஸ்

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்கிறாள் என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடி வைத்தது. அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் அவள் புருஷனேதான். அவன் எழுதுவான், அவள் சோதிப்பாள். வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான்.

அன்று மட்டும், குறை எதுவும் வந்து தொலைக்கக் கூடாதே என்று அவளே வேண்டிக்கொண்டிருந்தாள். சோதனை முடிந்து அவள் ஒப்புதல் கொடுத்தால் நாலு மணி பஸ். மூன்று வருஷமாக அடுத்த லீவு, அடுத்த லீவு என்று ஏய்த்துவிட்டு, ஒருவழியாக மகளுக்குக் கடல் காட்டப் போகிறார்கள். அந்த எட்டு வயது வாண்டு வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. பையைக் கட்டிக்கொண்டு அத்தையோடு வீட்டில் காத்திருக்கிறது.

வேலை இதுதான். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பன்னிரண்டு பம்ப் ஹவுஸுக்கும் இங்கிருந்து நெட்வொர்க்கில் உத்தரவு போகும். கண்டவன் புகுந்து உத்தரவு போடாதிருக்க ஒவ்வொரு உத்தரவிலும் ஒரு மின் கையெழுத்து. இத்தனை காலம் அந்த ஒன்றே போதுமாக இருந்தது. இனி குவாண்டம் கம்ப்யூட்டர் என்கிற ராட்சசன் வந்தால் அதை அப்படியே போலியாகப் போட்டுவிடுவானாம். அவனுக்கும் மசியாத புதுக் கையெழுத்து வந்துவிட்டது. ஆனால் அது நேற்றுப் பிறந்தது, எங்கே ஓட்டை இருக்கிறதோ யார் கண்டது? ஆகவே பழசும் வேண்டும், புதுசும் வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பம்ப் அசைய வேண்டும். ஒன்று குறைந்தாலும் விரட்டி அடிக்க வேண்டும்.

பதினொரு மணிக்குள் சோதனைப் பட்டியலில் ஒன்று தவிர எல்லாம் பச்சை. கடைசிச் சோதனை, புதுக் கையெழுத்தைக் கழற்றிவிட்டு ஓர் உத்தரவு அனுப்புவது. ஏதாவது ஒரு பம்ப் ஹவுஸுக்கு அனுப்பினால் போதும் என்றுதான் பட்டியலில் இருந்தது. அவளுக்குக் கை சும்மா இருந்தால்தானே! பன்னிரண்டுக்கும் அனுப்பினாள். 'வாசல் விளக்கைச் சிமிட்டு' என்ற ஒன்றுக்கும் உதவாத உத்தரவு.

பதினோரு இடம் மறுத்தது. பன்னிரண்டாவதில் விளக்கு ஜம்மென்று சிமிட்டியது.

சுற்றிலும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. திரையை மூடிவிட்டால் பட்டியல்படி எல்லாம் சரி, நாலு மணிக்கு பஸ். பாழாய்ப்போன பன்னிரண்டு, நாளைக்கு மக்கர் செய்தால் ஆகாதா என்று அவளுக்கு அழுகையே வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து புருஷனின் மேஜைக்குப் போனாள்.

"ஏங்க, பன்னெண்டாவதுல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... அங்க லைன் ரொம்பப் பழசும்மா. புதுக் கையெழுத்து குண்டா இருக்கா, நடுவுல இருக்கிற நெட்வொர்க் பெட்டி அதைத் தூக்கிப் போட்டுடுது. அதான் அங்க மட்டும் பழசே போதும்னு விட்டேன். லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்னு..."

"திருடன் நம்ம லீவு முடியற வரைக்கும் உக்காந்திருப்பானா? அவன் நேரா பன்னெண்டாவதுக்குத்தான் வருவான்!"

"கத்தாதே. பாப்பா பையெல்லாம் கட்டி வெச்சிருக்கா. நீ மனசு வெச்சா..."

"அந்தப் பேச்சே வேண்டாம். பாப்பாவும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா."

அவன் எழுந்து நேரே மேலாளரின் அறைக்குள் போனான். இவன் என்ன உளறப்போகிறானோ என்று அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"சார், இன்னிக்கு நாலு மணிக்குள்ள முடியாது. தப்பு என்னுது. அவ கண்டுபிடிச்சிருக்கா" என்றான் அவன்.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிச்சிட்டுக் கிளம்புங்க. லீவை ஒரு நாள் தள்ளி எழுதிக்கறேன்" என்றார். அவளுக்கு அந்த நிமிஷம் புருஷன்மேல் பொங்கிய பிரியத்தில், அங்கேயே கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேலாளர் இருந்ததால் விட்டுவிட்டாள்.

பிறகு மூச்சுவிட நேரமில்லை. புதுக் கையெழுத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி கோர்க்கிற மாதிரி மாற்றி எழுதினான். அவள் சோதித்தாள். ஒரு துண்டு தவறியது. திட்டினாள். திருத்தினான். பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் போனிலேயே இருந்தபடி, "இப்ப சிமிட்டலைங்க! இப்ப சிமிட்டுதுங்க!" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு, பழசு மட்டும் போனபோது விளக்கு அசையவில்லை. புதுசு மட்டும் போனபோதும் அசையவில்லை. இரண்டும் சேர்ந்து போனபோது சிமிட்டியது. ஒப்புதல் கொடுத்தாள்.

பஸ் போய் ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. வீட்டுக்கு யார் போன் செய்வது என்று இருவருக்கும் தகராறு. கடைசியில் அவள்தான் செய்தாள். தட்டுத்தடுமாறி மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"பாப்பா? அழறியா?"

"இல்லம்மா. காலையில எத்தனை மணிக்கு பஸ்?"

"ஆறு மணிக்கு."

"சரி. அதுவரைக்கும் நீ தயவுசெஞ்சு எதையும் கண்டுபிடிக்காதே."