கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மெம்பரேன்

இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சு வெளுக்கும் ஆலை வைத்திருந்தார் தனுஷ்கோடி. ஓடையில் கழிவுநீரை விடக்கூடாது என்று நோட்டீஸ் வந்ததால், 1996இல் ஒரு வடிகட்டும் இயந்திரம் வாங்கினார். அதனுள் பாலிமர் தாள்கள் அடுக்கியிருந்தன, மெம்பரேன் என்றார்கள். பூஜை போட்ட நான்காம் நாளே பஞ்சு மெழுகு அப்பி எல்லாம் அடைத்துக்கொண்டன.

ஆலையின் கெமிஸ்ட் பரிபூரணம் விடவில்லை. அந்தத் தாளுக்குத் தண்ணீரைவிட மெழுகைத்தான் பிடிக்கிறது என்று கண்டுகொண்டாள். பாவு நூலுக்குப் போடும் பி.வி.ஏ. கஞ்சியை அதன்மேல் மெல்லிசாகப் பூசி, கரையாமலிருக்க மருந்து சேர்த்து, சூடு காட்டினாள். ஏழு முறை கஞ்சி உரிந்துபோயிற்று. எட்டாவது தாள் இருபத்து மூன்று நாள் அடைக்காமல் ஓடியது. அதைக் கழற்றிப் பார்த்த அன்று அவள் சாப்பிடவே மறந்துவிட்டாள்.

தனுஷ்கோடி எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, மஞ்சளா இருக்கு?”

“அம்புட்டு நாளும் அழுக்குத் தண்ணியிலல்லா கெடந்துச்சு மொதலாளி. ஆனா அடைக்கலையே!”

“அதிகாரிமாரு அடுத்த வாரம் வருதாவ. இதைக் காட்டுனா என்ன நெனப்பாவ?”

மறுநாள் ஆபீஸ் முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே, சொட்டுத் தண்ணீர் படாத புதுத் தாள், சந்தனப் பொட்டுடன்.

வந்த மூன்று அதிகாரிகளும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

“துளி அழுக்கு ஒட்டலையே!” என்று வியந்தார் மூத்தவர்.

“ஐயா, அதுல தண்ணியே விடல. ஓடுறதை வந்து பாருங்க” என்றாள் பரிபூரணம்.

“அங்க வாடை அடிக்குமேம்மா” என்று கைக்குட்டையை எடுத்தார் அவர்.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், சுத்தமான ஆலை என்று தனுஷ்கோடிக்குக் கேடயம் கொடுத்தார்கள். பெட்டிக்கும் ஒரு மாலை விழுந்தது. கடைசி வரிசையிலிருந்த பரிபூரணத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மற்ற முதலாளிகள் தனுஷ்கோடியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணாச்சி, இந்தப் பெட்டி எந்த ஆசாரி செஞ்சது?”

துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்த சேக் முகைதீன் மட்டும் அவளிடம் வந்தார். “ஏம்மா, நெசமா ஓடுறது எது? எங்க பட்டறையில வாரத்துக்கு ரெண்டு தடவை அடைக்குது.”

“செத்த நேரம் உக்காருங்க பாய், சொல்லுதேன்” என்று அவள் நோட்டை எடுத்தாள். மூன்று பந்தி முடிந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆறு மாதத்தில் அவள் அவர் பட்டறைக்கே வேலைக்குப் போய்விட்டாள். தனுஷ்கோடியின் இயந்திரம் நின்றுபோனது. கேடயம் மறுவருஷமும் அவருக்குத்தான் கிடைத்தது.