கிட்டார் எடுத்த பெரட்டு

மலேசியாவில் ராக் இசையை முழுதாகப் புரிந்துகொண்ட தமிழர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அரிசி மூட்டைக்கும் தம்பியின் சைக்கிளுக்கும் நடுவே ஓர் அறையில் குடியிருந்தார். பெயர் வாசு. வயது இருபது. இதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோல, கேட்டவர்களுக்குத் தகவலாகத்தான் சொல்லிவந்தான். கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தான்.

கல்லூரியின் இந்தியர் கலாசார மன்றம் ஆண்டுதோறும் ஒரு மலர் போடும். அதில் ஏழாம் பக்கம் வாசுவுக்குச் சொந்தம். எண்பத்தெட்டாம் ஆண்டு மலரில் அந்தப் பக்கத்துக்கு மாட்டியவர் கிள்ளான் கன்னையா.

கன்னையா பன்னிரண்டு வருஷமாகக் கோலாலம்பூர் ஹோட்டல்களில் ராக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவர். திடீரென்று ஒருநாள் வெள்ளைக்காரப் பாட்டுகளை ஓரம் கட்டிவிட்டு, தான் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கேசட் போட்டார். தோட்டத்தில் அவர் குடும்பத்தின் லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்த பகுதியின் பெயரே கேசட்டுக்கும் பெயர்: ‘மூணாம் டிவிஷன்.’

வாசு எழுதினான்: ‘தாம் எந்த டிவிஷன் என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட கலைஞரின் நேர்மையைப் பாராட்டுகிறோம். கடைசிப் பாட்டின் பெயர் பெரட்டு. ஆடா, கோழியா, எந்தக் கறி என்று உறையில் குறிப்பிடவில்லை. கிள்ளான் கச்சேரியில் இந்தப் பெரட்டு பரிமாறப்பட்டபோது, கூட்டத்திலிருந்து ஆ, ஆ என்று குரல் எழுந்ததாம். காரம் கொஞ்சம் தூக்கல்போலும். பாட்டுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லும் ரசிகர்கள் கிடைப்பது அரிது. அவர்களைப் பத்திரமாக வீட்டில் பூட்டிவைக்க வேண்டும்.’

கடைசிப் பாட்டுவரை கேட்க அவனுக்கு நேரமிருக்கவில்லை. முதல் பாட்டில் முதல் இரண்டு நிமிஷம் கேட்டான். முழுதாகப் புரிந்துகொண்டவனுக்கு அது போதும்.

மன்றச் செயலாளர் ரமணி அந்த ஆண்டு விழாவுக்குக் கன்னையாவையே அழைத்திருந்தாள். விழாவன்று மத்தியானம் கிள்ளான் அச்சகத்தில் மலர்க் கட்டுகளை எடுத்துக்கொண்டு, கன்னையாவின் வேனிலேயே கல்லூரிக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அச்சகத்தில் வாசு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ரமணி ஏழாம் பக்கத்தைப் படித்தாள். ஒரு கட்டை அவன் கையில் திணித்துவிட்டு, அவனைப் பார்க்காமல் வேனுக்கு நடந்தாள்.

கன்னையா பகலில் கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேன் அது. முன்னால் ஒரே நீள இருக்கை. ரமணி ஜன்னலோரம், வாசு நடுவில், கியர்க் கம்பி அவன் முழங்கால்களுக்கு இடையில். மடியில் ஒரு கட்டு மலர்.

“அந்தப் பக்கத்துக் கதவு உள்ளேருந்து தொறக்காது தம்பி. எறங்கணும்னா சொல்லு, நான் சுத்தி வந்து தொறந்து விடுறேன்” என்றார் கன்னையா. ஆள் நெடுநெடுவென்று உயரம். முடியைப் பின்னால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்.

பத்து தீகா டோல் சாவடிக்கு ஒரு மைல் முன்னால் மழை பிடித்தது. எங்கோ முன்னால் ஒரு லோரி கவிழ்ந்துவிட்டதாம். ஃபெடரல் ஹைவே அப்படியே நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். உள்ளே வெந்தது. பழைய ரொட்டி வாசனை. கன்னையா எஞ்சினை அணைத்தார்.

“மலரா அது? நம்மளப் பத்தி எழுதியிருக்காமே?”

“இருக்குண்ணே” என்றாள் ரமணி. “எழுதினவரே ஒங்க பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு.”

கன்னையாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நீயா தம்பி? சொல்லவே இல்ல! வாசி வாசி. படிக்கிற கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.”

வாசு வலப்பக்கம் பார்த்தான். கன்னையா. இடப்பக்கம் பார்த்தான். ரமணி, அவளுக்கப்பால் திறக்காத கதவு. முன்னால் ஒரு பஸ்ஸின் பின்புறம். மலரைப் பிரித்தான். அச்சில் இருந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, காற்றிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.

“‘மலேசியத் தமிழ் இசையுலகில்... அண்மையில்... மிகவும் குறிப்பிடத்தக்க ஒரு கேசட்...’”

“மெதுவா வாசி லா” என்றாள் ரமணி. “எழுதினத வாசிக்கிறதுக்கு ஏன் இப்படித் திக்குற?”

“‘கிள்ளானைச் சேர்ந்த கன்னையா அவர்கள் தம் கிட்டாரில் மண்ணின் மணத்தை...’”

“மண்ணின் மணம்!” கன்னையா ஸ்டியரிங்கைத் தட்டினார். “கேட்டியா ரமணி? படிச்ச பிள்ளைங்க எழுதினா அதுவே தனி.”

“பெரட்டு பத்தி எழுதியிருக்கான்ணே. அதையும் கேளுங்க. வாசி வாசு.”

வாசு தொண்டையைக் கனைத்தான். அந்தச் சொல்லைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அம்மாவின் வாணலியில் இருந்தது. “‘பெரட்டு என்ற பாட்டில்... அடுப்பின் வெப்பமும், மிளகின் காரமும்... கிட்டார்க் கம்பிகளில்...’”

“மிளகா?” என்றார் கன்னையா.

மழை தகரக் கூரையில் கொட்டியது. கன்னையா கையை நீட்டி மலரை வாங்கினார். தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். கண்ணாடி இல்லாதவர் எவ்வளவு நேரம் படிப்பாரோ அவ்வளவு நேரம் படித்தார். வாசு பஸ்ஸின் எண்ணை மனப்பாடம் செய்தான். பிறகு அதைத் தலைகீழாகவும் சொல்லிப் பார்த்தான்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார் கன்னையா கடைசியில். “ஆடா கோழியா.” சிரிக்கக்கூடச் செய்தார். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறையை வாசு மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டிருப்பான்.

“பெரட்டுன்னா என்னான்னு தெரியுமாடா ஒனக்கு?” ரமணி அவன் பக்கம் திரும்பினாள். “தோட்டத்துல காலையில அஞ்சு மணி இருட்டுல எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, கணக்கு எழுதுற கிராணி பேர் கூப்புடுவான். அதுக்குப் பேருதான் பெரட்டு. பேர் கூப்புட்டா ஆ சொல்லணும். சொல்லலன்னா பேர வெட்டிடுவான். அன்னைக்கு வேல கெடையாது. ஆட்டெறச்சி இல்ல லா!”

“எங்க வீட்டுல பெரட்டுன்னா...”

“ஒங்க வீட்டுல தண்டவாளத்த எண்ணுனாங்க. எங்க வீட்டுல ஆள எண்ணுனாங்க.”

“சரி விடு ரமணி. தெரியாமதானே எழுதிருக்கு” என்றார் கன்னையா.

ரமணி விடவில்லை. குனிந்து கேசட்டை ரேடியோவுக்குள் தள்ளி, கடைசிப் பாட்டுக்கு ஓட்டினாள். இறங்கிப் போய்விடலாம் என்று வாசுவுக்குத் தோன்றியது. இறங்குவதற்குக் கன்னையாவிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் தளர்த்திவிட்ட தடித்த கம்பியில் ஒரே ஓர் அடி. இரும்பில் இரும்பு விழுந்த மாதிரி. பிறகு கன்னையாவின் குரல், உணர்ச்சியே இல்லாமல், ஏதோ சலிப்பில்: ‘நல்லம்மாள்.’ கிட்டார் பதில் சொன்னது. கரகரத்த ஒரு சுரம், இருமிக்கொண்டே. ‘தம்புசாமி.’ அதே சுரம் மேலே இழுபட்டு மெல்லச் சரிந்தது. அது கொட்டாவி. ‘வள்ளியம்மா.’ வெடுக்கென்று ஒரு பதில், அதன் மேல் ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்னச் சுரம். இடுப்பில் குழந்தை.

வாசுவுக்கு மற்றது எது தெரியாவிட்டாலும் கிட்டார் தெரியும். கேட்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தவனின் காது அவனைக் கேட்காமல் வேலை பார்த்தது. மூன்றாவது கம்பி, ஏழாவது கட்டம். அடுத்த பேருக்கும் மூன்றாவது கம்பி, ஏழாவது கட்டம். அதற்கடுத்ததற்கும் அதேதான். இந்த மனுஷன் கையை நகர்த்தவே இல்லை. ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அழுத்துவதிலும் விடுவதிலும் ஆள் ஆளாக நிறுத்திக்கொண்டிருந்தார். ஏழு பேர் வந்துவிட்டார்கள். ஏழு பேரும் வேறு வேறு ஆட்கள். வாசு தன் அறையில் நாலு வருஷமாகத் தேய்த்த இசைத்தட்டுகளில் இப்படி ஒன்றை எவனும் செய்ததில்லை. அதை அவன் சொல்லியிருக்கலாம்.

‘பவுனம்மாள்’ என்றது குரல்.

கிட்டார் பேசவில்லை. நாலு தட்டு நேரம் வெறும் கேசட் இரைச்சல். பிறகு குரல் அடுத்த பேருக்குப் போனது.

“எங்கம்மா. நாங்களும் அண்ணனோட அதே டிவிஷன்தான்” என்றாள் ரமணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “என்னைய, பிள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாக் கொட்டகையில விட்டுட்டு ஓடி வரணும். தெனமும் லேட்டு. பக்கத்துல நிக்கிறவங்க யாராச்சும் அம்மாவுக்காக ஆ சொல்லிடுவாங்க.”

“அதான் அந்த எடத்துல நான் வாசிக்கிறதில்ல” என்றார் கன்னையா. “கேக்குறவங்க சொல்லணும். கேசட்டுல ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த பேருக்குப் போயிடுவேன். மேடையில மூணு தடவ கூப்புடுவேன். பதில் வரலன்னா பேர வெட்டியாச்சு, பாட்டு அங்கயே முடிஞ்சிது. கிள்ளான்ல மொத தடவையே கத்திட்டாங்க.”

“ஏன், நீயே சொல்லலாமே?” என்று வாசு ரமணியைக் கேட்டான்.

“மக சொன்னா அது வீட்டு விஷயம். வேற ஆள் சொல்லணும். அப்பதான் பெரட்டுல பேர் விழும்.” அவள் கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தாள். “தோட்டம் இப்ப இல்ல. வரிசையா வீடு கட்டித் தாமான் ஆக்கிட்டான். அம்மா ஷா ஆலாம் பேக்டரியில கூட்டுறாங்க. இன்னைக்கு ஷிஃப்ட், வர முடியல. நம்ம காலேஜ் ஹால்ல ஒரு தடவ அந்தப் பேரக் கூப்புட்டு, ஒருத்தர் ஆ சொன்னா போதும்னுதான் அண்ணன இவ்வளவு தூரம் வரச் சொன்னேன்.”

பஸ் ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது. கன்னையா சட்டைப்பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். மலரின் முதுகில் வைத்து எழுதினார்.

“பெரட்டு வேணாம் ரமணி. பிள்ளைங்க இதப் படிச்சிட்டு ஒக்காந்திருக்கும். கிராணியா நின்னு பேர் கூப்புடும்போது சிரிப்பு வந்தா, கூப்புட்ட பேருக்கெல்லாம் அசிங்கம். ஹோட்டல் பாட்டு ஆறு வாசிச்சிடுறேன். கைத்தட்டுவாங்க.” காகிதத்தை வாசுவிடம் கொடுத்தார். “நீதானே மேடையில அறிவிக்கிற? இந்த வரிசைப்படி சொல்லிடு தம்பி.”

ரமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எதையாவது சொல்லித் திட்டினால் நன்றாக இருக்கும் என்று வாசு காத்திருந்தான். டோல் வந்தது, பெட்டாலிங் ஜெயா போனது, அவள் திட்டவே இல்லை.

கல்லூரி வாசலில் கன்னையா சுற்றிவந்து கதவைத் திறந்துவிட்டார்.

“மலரெல்லாம் வேன்லயே இருக்கட்டும்ணே” என்றான் வாசு. “மழையில நனைஞ்சிடும்.”

“மழ நின்னுடுச்சே.” கன்னையா இரண்டு கட்டுகளைத் தானே தோளில் ஏற்றினார். “அச்சடிச்சத யாராவது வேன்ல வைப்பாங்களா? பிள்ளைங்க படிக்கட்டும்.”

படித்தார்கள். வரவேற்புரை முடிவதற்குள் ஏழாம் பக்கம் நானூறு பேருக்கும் மனப்பாடம். பின்வரிசையிலிருந்து ஒருவன் வாசுவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாசுவுக்கு வாசகர்கள் பாரமாக இருந்தார்கள்.

அவன் மைக் முன்னால் போய் நின்றான். பக்கத்தில் கன்னையா, முக்காலியில், கிட்டாரோடு. எதிரே மண்டபக் கடைசியில், கதவோரம் ரமணி. கையில் காகிதம். ஆறு பாட்டு. ஆறும் அவன் இருபது தடவை கேட்டவை. இவர் வாசித்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். நன்றாக இருக்கும். மூன்றாவது கம்பி, ஏழாவது கட்டத்தில் இருந்த அந்த ஆட்களைத்தான் அவன் காது மறுபடி கேட்டது.

“அடுத்து...” என்றான் வாசு. காகிதத்தை மடித்தான். “கன்னையா வாசிக்கிறார். ‘பெரட்டு.’”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. “ஆடா கோழியாண்ணே?” என்று யாரோ ஒருவன் கத்தினான். வாசு எழுதியபோது இருந்த அளவுக்கு அது வேடிக்கையாக இல்லை.

கன்னையா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தடித்த கம்பியின் முறுக்காணியைத் திருகித் தளர்த்தினார்.

வாசு மேடையின் பக்கத்திரைக்குள் போய் நின்றான். அங்கிருந்து வெளியே போகிற வழியில் யாரோ ட்ரம் செட்டைப் போட்டு அடைத்திருந்தார்கள்.

‘நல்லம்மாள்’ இருமினாள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ‘தம்புசாமி’ கொட்டாவி விட்டான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வள்ளியம்மா வந்தாள், மற்றவர்கள் வந்தார்கள், மண்டபம் மெல்ல அடங்கியது. ஆனால் அடங்கிய மண்டபத்துக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களிடம் இருந்தது ஏழாம் பக்கம் மட்டுமே.

“பவுனம்மாள்.”

கிட்டார் நின்றது. பாட்டு முடிந்துவிட்டதோ என்று நினைத்து ஒரு பெண் கைத்தட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“பவுனம்மாள்.”

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. மலர்கள் விசிறியாக ஆடுவது நின்றது. கதவோரம் ரமணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

கன்னையா குனிந்த தலையை நிமிர்த்தாமல், அதே சலிப்புக் குரலில், மூன்றாம் முறை கூப்பிட்டார்.

“பவுனம்மாள்.”

ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்று.

“ஆ” என்றான் வாசு, திரைக்குள்ளிருந்து, அவ்வளவு சத்தமில்லாமல்.

கன்னையா அடுத்த பேரைக் கூப்பிட்டார்.